பெயர் எழுத வேண்டாம்: மாணவர் மதிப்பீட்டுப் படிவம் பற்றி ஒரு திறனாய்வு

“உங்கள் பெயரை எழுத வேண்டாம். உங்கள் கருத்துகள் இரகசியமாகக் காக்கப்படும்.” பருவ இறுதியில் மாணவர் கையில் கொடுக்கப்படும் மதிப்பீட்டுப் படிவத்தின் முகப்பில் ஏறத்தாழ இச்சொற்களே காணப்படுகின்றன. பாடம் தெளிவாக நடத்தப்பட்டதா, ஆசிரியர் காலந்தவறாது வந்தாரா, வினாக்களுக்கு இடங்கொடுத்தாரா என்றெல்லாம் கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிடச் சொல்லும் இப்படிவங்கள் பல்கலைக்கழகத் துறைகளிலும் கலைக் கல்லூரிகளிலும் வேரூன்றி, இன்று இறையியல் கல்லூரிகளிலும் இடம்பெற்றுவிட்டன. நூல்களைத் திறனாய்கின்றோம், அருளுரைகளைத் திறனாய்கின்றோம். ஆனால் ஆண்டுதோறும் நாமே அச்சிட்டு வழங்கும் இவ்வொற்றைத் தாளை ஒரு பனுவலாகக் கொண்டு வாசித்தோமில்லை. இக்கட்டுரையில் அதனைச் செய்ய முயல்வோம். படிவத்தின் வினாக்கள் நல்லனவா அல்லனவா என்பதன்று ஈண்டு நாம் ஆராய்வது. முகப்பிலுள்ள வாக்குறுதியைக் கீழேயுள்ள வினாக்கள் காக்கின்றனவா என்பதே நம் கேள்வி.

முதலில் அவ்வாக்குறுதி ஒன்றன்று, இரண்டு என்பதைக் காண வேண்டும். “பெயரை எழுத வேண்டாம்” என்பது பெயரின்மை: எழுதியவர் யாரென்று எவருக்குமே தெரியாது. “இரகசியமாகக் காக்கப்படும்” என்பது இரகசியக் காப்பு: எழுதியவரை ஒருவர் அறிவார், ஆயினும் வெளியே சொல்லமாட்டார். ஆலயத்தில் காணிக்கைப் பையில் இடும் பணத்திற்கும், பெயரெழுதிய உறையில் இட்டுப் பொருளாளரிடம் கொடுக்கும் பணத்திற்கும் உள்ள வேறுபாடே இது. முன்னதில் எவரும் அறியார். பின்னதில் பொருளாளர் அறிவார், ஆனால் வாசிக்கமாட்டார். (பல சபைகளில் வாசித்தே விடுகின்றனர் என்பது வேறு செய்தி.) இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் படிவம் எதைத் தருவதாக வாக்களிக்கிறது என்பது அதனை அச்சிட்டவர்க்கே தெளிவாக இருப்பதில்லை. கணினி வழியே மதிப்பீடு பெறும் பல்கலைக்கழகங்களில் இக்குழப்பம் இன்னும் மிகுதி. மாணவர் தம் பதிவெண்ணை இட்டே உள்ளே நுழைகிறார். நிரப்பாதவர்க்கு மட்டும் நினைவூட்டல் வருகிறது. நிரப்பாதவரை அறிந்த கருவி நிரப்பியவரையும் அறியுமன்றோ? அங்கே பெயரின்மை இல்லை. இரகசியக் காப்பு மட்டுமே உண்டு. ஆயினும் பெயர் தெரியாது என்றே மாணவரிடம் சொல்லப்படுகிறது.

பெயர் சொல்லாமையே காப்பாகிவிடாது என்பதைப் போதகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. “நம் சபையிலே ஒரு சகோதரி, பெயர் சொல்லமாட்டேன், சென்ற மாதம் கணவரை விட்டுத் தாய்வீடு சென்றார்” என்று அருளுரையில் எடுத்துக்காட்டுக் கூறப்படும்போது, பெயர் சொல்லப்படவில்லை என்பது மெய். ஆனால் நூறு குடும்பங்களே உள்ள அச்சபையில் நிமிராத தலை ஒன்றுதான் இருக்கும். ஏனைய தலைகளெல்லாம் அதனை நோக்கித் திரும்பியிருக்கும். ஆயர் ஆலோசனை வகுப்பில் இத்தவற்றை எச்சரிக்கும் நாம், அதே வகுப்பின் இறுதி நாளில் அதே தவற்றைச் செய்யும் படிவத்தை வழங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாமே இதற்கு உட்பட்டோம். விருப்பப் பாடம் ஒன்றை எழுவர் பயின்றனர். மதிப்பீட்டுப் படிவங்களை அலுவலகம் திரட்டிற்று. கையெழுத்தை அறிந்துகொள்ளலாகாது என்னும் நல்லெண்ணத்தால், மாணவர் எழுதிய கருத்துகளைத் தட்டச்சு செய்தே நம்மிடம் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று, “ஆங்கிலம் நன்கு தெரியாதவர்கள் கேள்வி கேட்டால் ஆசிரியர் ஏசுகிறார்” என்றிருந்தது. எழுவருள் அறுவர் வட மாவட்டங்களிலிருந்து வந்தவர். அவர்கள் வாயில் அது “திட்டுகிறார்” என்றே வந்திருக்கும். “ஏசுகிறார்” என்று எழுதக்கூடியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரே. தாளை மேசைமேல் வைக்குமுன்னரே அவர் முகம் நம் கண்முன் நின்றது.

கருத்து நியாயமானதே, அதனை ஈண்டு மறுக்கப் புகவில்லை. சொல்ல வேண்டுவது அதன்பின் நிகழ்ந்தது. அம்மாணவரின் இறுதிக் கட்டுரை அப்போது நம் மேசையில் திருத்தப்படாமல் கிடந்தது. அதனைத் திருத்தும்போது, நமக்குள் கசப்பில்லை என்று நமக்கே மெய்ப்பித்துக்கொள்ளும் பொருட்டு, தகுதிக்குமேல் இரண்டு மதிப்பெண் கூடுதலாக இட்டோம். குறைத்திருந்தால் பழிவாங்கல்; கூட்டியது பெருந்தன்மையா? இரண்டிலும் மதிப்பெண் கட்டுரைக்கு உரியதாக இல்லாமற்போயிற்று. அறிந்த ஒன்றை அறியாததாக்கிக்கொள்ள மனிதர்க்கு இயல்வதில்லை. அடுத்த ஆண்டு நம் வகுப்பில் அம்மாணவர் வினா எதுவும் கேட்கவில்லை. நாம் அறிந்துகொண்டதை அவர் அறிந்துகொண்டாரா என்பதை இன்றுவரை கேட்கத் துணிந்தோமில்லை.

இனிப் படிவத்தின் உடலைப் பார்ப்போம். வினாக்கள் தொடங்குமுன் “பொது விவரங்கள்” என்றொரு கட்டம்: துறை, ஆண்டு, ஆணா பெண்ணா, வயது, மாவட்டம் அல்லது திருமண்டலம், விடுதியில் தங்குபவரா வீட்டிலிருந்து வருபவரா. புள்ளிவிவரத்திற்கென்று கேட்கப்படும் இவை தனித்தனியே தீங்கற்றவை. ஆனால் எழுவர் வகுப்பில் பெண்கள் மூவர், அவருள் வீட்டிலிருந்து வருபவர் ஒருவர் என்றால், இரண்டு குறிகளிலேயே பெயர் எழுதப்பட்டுவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இதனை அனைவரும் உணரச் செய்தவர் லட்டான்யா ஸ்வீனி என்னும் கணினி அறிஞர். மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்க்கு அளித்திருந்தது. 1997ஆம் ஆண்டளவில், மாணவியாக இருந்த அவர், கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி அப்பதிவுகளோடு ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்டு பிறந்த அதே தேதியில் பிறந்தோர் அந்நகரில் அறுவர். அவருள் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் வாழ்ந்தவர் ஒருவரே. பெயரில்லாத பதிவு ஆளுநருடையதாயிற்று. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக்கொண்டே அந்நாட்டு மக்களுள் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளங் காணக்கூடும் என்று அவர் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். கோடிக்கணக்கான மக்களுள் மூன்று விவரங்கள் போதுமெனில், எழுவருள் எத்தனை வேண்டும்?

எண்களும் பேசக்கூடியவை. இணையவழிப் படிவங்களில் ஒவ்வொரு விடையும் வந்துசேர்ந்த நேரம் பதிவாகிறது. மாணவரைக் கணினி அறைக்கு வருகைப் பதிவேட்டு வரிசையில் அனுப்பினால், விடைகளும் அதே வரிசையில் நிற்கும். இடையிடையே சராசரியைப் பார்க்க ஆசிரியருக்கு வசதியிருப்பின் இன்னும் எளிது. நேற்று அறுவர் நிரப்பியிருந்தனர், சராசரி 4. இன்று எஞ்சிய ஒருவர் நிரப்பினார், சராசரி 3.57 ஆயிற்று. அவர் இட்ட எண் ஒன்று என்பதைக் கண்டறிய ஆரம்பப் பள்ளிக் கணக்கே போதும். இதனினும் நுட்பமான இடரொன்று உண்டு. எழுவரும் ஒருமனதாக மிகக் குறைந்த எண்ணையே இட்டால், எவர் எதனை எழுதினார் என்று தேட வேண்டியதே இல்லை. எழுவர் மனமும் வெளிப்பட்டுவிடும். ஒற்றுமையாகப் பேசும் வகுப்பை எந்தப் பெயர்மறைப்பும் காப்பதில்லை. ஐவருக்குக் குறைவானவர் விடையளித்த வகுப்பின் முடிவுகளை ஆசிரியருக்கு அளிப்பதில்லை என்னும் விதியை அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல வைத்துள்ளன. நல்ல விதியே, ஆயினும் மேற்சொன்ன இடரை அது தீர்ப்பதில்லை.

இதில் அப்படி என்ன தீங்கு நேர்ந்துவிடும் என்று கேட்போர் உளர். அவர்கள் நம் தேர்வுமுறையைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். பல்கலைக்கழக விடைத்தாளைத் திருத்தத் தருமுன் பதிவெண்ணை நீக்கி ‘டம்மி நம்பர்’ இடுகிறார்கள். ஏன்? எழுதியவரை அறிந்தால் திருத்துபவர் கை சாயும் என்பதை நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஆனால் நூற்றுக்கு 25 என்றளவில் பல பல்கலைக்கழகங்கள் ஒதுக்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கு டம்மி நம்பர் இல்லை. அதனை இடுபவர், மாணவரால் மதிப்பிடப்படும் அதே ஆசிரியர். இறையியல் மாணவர்க்கு இது மதிப்பெண்ணோடு முடிவதில்லை. மேற்படிப்புக்கான பரிந்துரை, திருமண்டலத்திற்கு அனுப்பப்படும் நடத்தைக் குறிப்பு, பின்னாளில் எந்தச் சபைக்கு அனுப்பப்படுவார் என்பதுகூட, வகுப்பறையில் உருவாகும் எண்ணத்தோடு பின்னிக் கிடக்கின்றன. மேற்பட்ட வகுப்பில் ஒரு துறைக்கு நால்வர் ஐவரே உள்ள இடத்தில், ஒரு வாக்கியம் பத்தாண்டுகள் பின்தொடரக்கூடும்.

இந்திய உச்சநீதிமன்றம் 2011இல் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்தப்பட்ட தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பார்க்கத் தேர்வு எழுதியவர்க்கு உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், திருத்தியவரின் பெயரும் கையொப்பமும் வெளிப்படலாகாது என்றும் கூறிற்று. மதிப்பெண்ணில் மனக்குறையுற்றவர் திருத்தியவர்க்குத் தீங்கிழைக்கக்கூடும் என்பதே காரணம். மதிப்பிடுபவரின் பெயரைக் காக்கவேண்டிய தேவையை நீதிமன்றம் தெளிவாகவே உணர்ந்திருக்கிறது. பருவ இறுதியில் மாணவரே மதிப்பிடுபவராகும்போது, அதுவும் தம்மினும் வலியவரை மதிப்பிடும்போது, அத்தேவை குறைவதாக நமக்குத் தோன்றவில்லை.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. பெயரில்லாத எழுத்தை நம் சபைகள் நன்கறியும். மொட்டைக் கடிதம் என்று அதற்குப் பெயர். தேர்தல் காலங்களில் பேராயர் இல்லத்திற்கு அஞ்சல்காரர் சுமந்துசெல்வன அவையே. எத்தனை உண்மையான ஊழியர்கள் அவற்றால் நொந்தனர் என்பதைப் பட்டறிந்தோர் சொல்வர். ‘பெயரிட அஞ்சுபவன் சொல்லை ஏன் கேட்கவேண்டும்? குற்றம் சாட்டுபவரை நேர்நின்று கேட்கும் உரிமை ஆசிரியர்க்கில்லையா?’ என்பது அவ்வாதம்.

ஆசிரியர்க்கு நேரும் அநீதிக்குச் சான்றும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், இணையவழிப் பாடத்தில் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் துணை ஆசிரியர்களாயினர். ஒவ்வொருவரும் ஒரு பிரிவில் தம் பெயரிலும் மற்றொரு பிரிவில் எதிர்ப்பாலாரின் பெயரிலும் கற்பித்தனர். உண்மையில் கற்பித்தவர் எவராயினும், ஆண் என்று மாணவர் எண்ணியவர்க்கே உயர்ந்த மதிப்பீடு கிடைத்தது. அவ்வகுப்புகள் சிறியவை; அந்த ஓர் ஆய்வைக்கொண்டு பெரிதும் முடிவுகட்டலாகாது. ஆயினும் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ரையர்சன் பல்கலைக்கழகத்தில் (2022 முதல் டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம்) நிருவாகத்திற்கும் ஆசிரியர் சங்கத்திற்கும் எழுந்த வழக்கில், நடுவர் வில்லியம் காப்லன் இத்தகைய சான்றுகள் பலவற்றை ஆராய்ந்து 2018இல் தீர்ப்பளித்தார். பதவி உயர்வுக்கோ நிலையான பணிக்கோ ஒருவரது கற்பிக்கும் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டு எண்களைப் பயன்படுத்தலாகாது என்பது அத்தீர்ப்பு. வகுப்பில் மாணவர் பெற்ற அனுபவத்தை அறிய அவை பயன்படும் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

இத்தீர்ப்பு மொட்டைக் கடித வாதத்திற்கு வலுச்சேர்ப்பதாகச் சிலர் கொள்வர். நாம் வேறாகக் கருதுகிறோம். ஆசிரியர்க்கு அநீதி விளைவது பெயர் மறைக்கப்படுவதால் அன்று. எண்ணுக்கு அளவிறந்த அதிகாரம் கொடுக்கப்படுவதாலேயே. படிவத்தை நம்பி ஒருவரது வேலையைப் பறிக்கமாட்டோம் என்றால், எழுதியவரை அறியவேண்டிய தேவையும் அவ்வளவாக இராது. மேலும், குற்றச்சாட்டு வேறு, மதிப்பீடு வேறு. ஆசிரியர் தம்மிடம் தகாதவாறு நடந்தார் என்று மாணவி ஒருத்தி கூறவேண்டுமாயின், அதற்குரிய இடம் படிவமன்று. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி அமையும் உள்ளகக் குழுவிடம் அவர் பெயரிட்டே முறையிடுகிறார். முறையீட்டின் படி எதிராளிக்கும் தரப்படுகிறது. ஆனால் முறையிட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு தடைசெய்கிறது. அங்கே பெயரின்மை இல்லை. இரகசியக் காப்பு உண்டு. இரண்டும் வெவ்வேறு என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. நம் படிவம் அறியவில்லை. மொட்டைக் கடிதம் எழுதப்படுவதற்கே, பெயரிட்டு எழுதுவோரைக் காக்கும் வழி சபையில் இல்லாமை காரணமாகலாம் என்பதையும் பேராயர்கள் எண்ணிப்பார்ப்பது நன்று.

நம் நாட்டில் இப்படிவங்கள் பெருகியது மாணவர் கேட்டதனாலன்று, தரச்சான்றுக்காக. 1994இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு, 2017இல் தன் முறையைப் புதுப்பித்தபோது மாணவர் மனநிறைவு ஆய்வு என்பதைச் சேர்த்தது. 20 தெரிவு வினாக்களும் ஒரு திறந்த வினாவும் கொண்ட அதனைக் குழுவே மாணவர்க்கு நேரே மின்னஞ்சலில் அனுப்பிற்று. கல்லூரியாயின் மாணவருள் 10 விழுக்காட்டினர் அல்லது நூற்றுவர், இவற்றுள் எது குறைவோ அத்தனை விடைகளேனும் வரவேண்டும் என்றது. கல்லூரியைத் தாண்டி, கல்லூரி முழுமைக்கும் சேர்த்துக் கேட்டமையால் இங்கே மாணவர்க்கு ஓரளவு காப்பிருந்தது. இடர் வேறிடத்தில் எழுந்தது. பாடத்திட்டம் குறித்த கருத்துகளைக் கல்லூரியே திரட்டி, பகுத்தாய்ந்து, நடவடிக்கை எடுத்து, இணையதளத்திலும் இடுவது உயர்ந்த நிலையாக மதிக்கப்பட்டது. ஆகவே கல்லூரிகள் ஆவணங்களைக் குவிக்கலாயின. நிரப்பிய படிவங்கள் ஆண்டுவாரியாகக் கோப்பிடப்பட்டு, பார்வைக்கு வரும் குழுவிற்காகத் துறைத்தலைவர் அறையின் அலமாரியில் அடுக்கப்படுகின்றன. அலமாரியின் திறவுகோல் யாரிடம்? பெரும்பாலும், மதிப்பிடப்பட்ட ஆசிரியரிடமே. கேட்டதற்குச் சான்று காட்டும் ஆர்வத்தில், சொன்னவரை மறந்துவிட்டோம்.

செய்யத்தக்கன அரியவையல்ல. பொது விவரக் கட்டத்தைச் சிறுவகுப்புகளில் அடியோடு நீக்கலாம். மதிப்பெண்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்ட பின்னரே கருத்துகளை ஆசிரியர் பார்க்கலாம். நமக்கு நேர்ந்த அவ்விரண்டு மதிப்பெண் பிழையை இது ஒன்றே தடுத்திருக்கும். ஆனால் எண்ணிக்கை என்னும் இடருக்கு இவை மருந்தாகா. அதற்கு நம் தேர்தல்முறை ஒரு வழி காட்டுகிறது. வாக்குச்சீட்டு எண்ணிய காலத்தில், ஒரு சாவடியின் சீட்டுகளைத் தனியே எண்ணினால் எந்த ஊர் எவர்க்கு வாக்களித்தது என்பது தெரிந்துவிடும் என்று, பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் ஏற்பாடு இருந்தது. வாக்குப்பதிவு இயந்திரம் வந்தபின் சாவடிவாரிக் கணக்கு மீண்டும் வெளிப்படலாயிற்று. 14 இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்தே எண்ணும் கருவியொன்றைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆம் அறிக்கையில் அதனை ஆதரித்தது. தனிமனிதரின் வாக்கு மறைவாயிருந்தும் ஊரின் வாக்கு வெளிப்பட்டால் ஊரே தண்டிக்கப்படும் என்னும் அச்சமே அதன் அடிப்படை. எழுவர் வகுப்பும் ஒரு சிற்றூரே. ஒரே ஆசிரியரின் மூன்று ஆண்டு வகுப்புகளைச் சேர்த்து, இருபது பேருக்குக் குறையாமல், ஒருசேரக் கொடுக்கலாம். இதனால் ஆசிரியர் திருந்துவதற்குக் காலம் தாழும் என்பது உண்மை. முதலாண்டு மாணவர் சுட்டிய குறை மூன்றாமாண்டுவரை நீடிக்கும். அவ்விலையைச் சிறியதென்று நாம் சொல்லத் துணியோம். எனவே உடனடியாகச் சொல்லவேண்டியவற்றை, அவ்வகுப்பில் மதிப்பெண் இடும் தொடர்பற்ற மூத்தவர் ஒருவர் வாசித்து, தம் சொற்களில் மாற்றி, வாய்மொழியாக ஆசிரியர்க்குச் சொல்லலாம். “ஏசுகிறார்” என்பது அவர் வாயில் “கடிந்துகொள்வதாக ஒரு கருத்து இருக்கிறது” என்றாகும். நடைச்சுவை குன்றும், திருநெல்வேலி மறையும்.

இவற்றைச் செய்ய இயலாத கல்லூரி, முகப்பு வாசகத்தையேனும் மாற்றட்டும். சென்ற ஆண்டு நாம் எழுதிக்கொடுத்த வாசகம் இது: “இவ்வகுப்பில் நீங்கள் எழுவரே. பெயர் எழுதாவிடினும் எழுதியவரை ஆசிரியர் ஊகிக்கக்கூடும். ஆகவே இத்தாள் அவரிடம் தரப்படாது. இவ்வகுப்பிற்கு மதிப்பெண் இடாத ஒருவர் இதனை வாசித்து, மதிப்பெண்கள் அறிவிக்கப்பட்ட பின்னர் கருத்தை மட்டும் தம் சொற்களில் தெரிவிப்பார். பின்பு தாள் எரிக்கப்படும். எழுத விருப்பமில்லையேல் வெற்றுத்தாளை மடித்துப் பெட்டியில் இடுக.” ஆசிரியர் அவையில் இது வாசிக்கப்பட்டபோது, “ஊகிக்கக்கூடும்” என்னும் வரி மாணவரை அச்சுறுத்தும், அதனை மட்டும் நீக்கலாமே என்றனர். நாம் உடன்படவில்லை. அடுத்த அவையில் மீண்டும் எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று.